கைக்குழந்தையோடு குடிபோகப் பார்த்திருக்கும் வீட்டுக்குக் கீழே, இறந்தவர் உடலை வைக்கும் ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக் கடை இருக்கிறது. போகலாமா, வேண்டாமா?

போகலாம். ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அந்தக் கடையின் ஜெனரேட்டர் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள். பேய் பிசாசைப் பற்றிக் கேட்டால் இவன் ஜெனரேட்டரைப் பற்றிப் பேசுகிறானே என்று தோன்றும். அப்படி ஒரு கடைக்கு மேலே மூன்று வருடம் குடியிருந்தவன் நான், அதுவும் முதல் குழந்தையோடு.

2017-இல் மதுரை செல்லூரில் ஒத்திக்கு வீடு கிடைத்தது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், ஒத்தி என்றால் மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பது, காலம் முடிந்ததும் அந்தத் தொகை அப்படியே திரும்பி வரும். அந்த வட்டாரத்தில் அதே அளவு வீட்டுக்கு ஆறு லட்சம் கேட்டார்கள், இங்கே நாலு. ஏன் குறைவு என்று நான் கேட்கவே வேண்டியதில்லை, வாசலிலேயே கண்ணாடி மூடி போட்ட பெட்டி இரண்டு நின்றன. பெரியாஸ்பத்திரி ஒரு பக்கம், தத்தனேரி சுடுகாடு மறுபக்கம், நடுவில் எங்கள் தெரு, அந்தத் தொழிலுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. மனைவியிடம் 'கீழே பந்தல் சாமான் கடை' என்று சொல்லி வைத்தேன். முழுப் பொய் இல்லை, சேர், ஷாமியானாவும் வாடகைக்கு விட்டார்கள்.

குழந்தைக்கு முப்பது கழிந்த மறுநாள் ஆட்டோவில் கூட்டி வந்தேன். "ஐஸ் பெட்டிக் கடை மாடியாண்ணே?" என்று ஆட்டோக்காரர் கேட்டதில் என் பந்தல் கதை தெருமுனையிலேயே முடிந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு, கடைப் பக்கம் திரும்பாமல் படியேறிப் போனாள். துணைக்கு வந்திருந்த அத்தைதான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினார், ராத்திரி வரைக்கும்.

அந்த வாரமே அழுகை ஆரம்பித்தது. சாயங்காலம் ஆறரை, ஏழு மணிக்குத் தொடங்கினால் ஒன்பதரை வரை, முகம் சிவந்து, காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, பால் கொடுத்தாலும் நிற்காது, தோளில் போட்டு நடந்தாலும் நிற்காது. கீழே கடை போர்டில் சிவப்பு லைட் போடுவதும் சரியாக ஆறரைக்குத்தான். தூங்கும்போது திடீரென்று இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப் போடுவான், யாரோ மேலே குனிந்து பார்த்த மாதிரி. சாதாரணமாக இதற்கெல்லாம் நரி விரட்டுது என்று சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் யாரும் நரியைச் சொல்லவில்லை. நான் படித்தவன், கணக்கு எழுதிப் பிழைப்பவன், இருந்தாலும் பொய் சொல்லமாட்டேன், ராத்திரி பாத்ரூம் போக லைட் போட்டுக்கொண்டுதான் போனேன்.

பரிகாரம் தொடங்கியது. கையில் வசம்பு வளையல், இடுப்பில் கறுப்புக் கயிறு, கோரிப்பாளையம் தர்காவில் ஓதி தண்ணீர் தெளித்தல், பாண்டி கோயில் திருநீறு. இதெல்லாம் பரவாயில்லை, ஒரு மனசாறுதல். சாம்பிராணிதான் வினையானது. காலையும் மாலையும் அத்தை போடுவார், கீழே இருந்து ஊதுபத்தி வாசம் வந்துவிட்டால் மூன்றாவது தடவை. ஜன்னலைத் திறந்தால் 'அது' உள்ளே வந்துவிடும் என்று எல்லாவற்றையும் சாத்திவிட்டு. பத்து நாளில் பிள்ளைக்கு மூக்கடைப்பு, இருமல், பால் குடிக்கும்போது மூச்சு வாங்கியது.

குழந்தைகள் டாக்டரிடம் ஓடினோம். நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்த்தவர் முதலில் கேட்டது, "வீட்ல என்ன புகை போடுறீங்க?" அத்தை பெருமையாகவே சொன்னார். டாக்டருக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. சாம்பிராணியோ, கொசுவத்தியோ, சிகரெட்டோ பச்சைப்பிள்ளை நுரையீரலுக்கு எல்லாம் புகைதான் என்றார். வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுகிறீர்களா என்றும் கேட்டார் (தடவினோம்), ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் உள்ளே போகக்கூடாது என்று எழுதியே கொடுத்தார். சாயங்கால அழுகையைப் பற்றி நான் தயங்கித் தயங்கிக் கடையையும் சேர்த்துச் சொன்னேன். சிரித்துவிட்டார். பிறந்து இரண்டு வாரத்தில் இந்த அழுகை தொடங்கும், ஆறாவது வாரம் உச்சத்துக்குப் போகும், மூன்று நாலு மாதத்தில் தானாக அடங்கும், கே.கே. நகர் பங்களாவில் பிறந்த பிள்ளையும் ஏழு மணிக்குத்தான் அழுகிறது என்றார். கையைத் தூக்கிப் போடுவதும் எல்லாப் பிள்ளைக்கும் உள்ள அனிச்சைதானாம், ஐந்தாறு மாதத்தில் போய்விடும். எங்கள் பிள்ளைக்கு ஆறாவது வாரமும் புது வீடும் ஒன்றாக வந்து தொலைத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

அன்று திரும்பி வரும்போதுதான் கடைக்காரரிடம் முதல் தடவையாக நின்று பேசினேன். ஐம்பது வயதுக்காரர், எப்போதும் மடித்துக் கட்டிய வேட்டி. "தம்பி, இங்கேருந்து போறதும் வெறும் பெட்டி, திரும்பி வர்றதும் வெறும் பெட்டி. மத்ததெல்லாம் அவங்க வீட்லயே முடிஞ்சிரும்" என்றார். யோசித்தால் உண்மைதான். மூன்று வருடத்தில் ஒரு பிணத்தைக்கூட அந்தக் கடையில் நான் பார்த்ததில்லை. உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கும் அதே மாதிரி கம்ப்ரசர், அதைப் படுக்கவைத்த மாதிரி ஒரு பெட்டி. திரும்பி வந்ததும் கழுவித் துடைப்பார்கள்.

சரி, அப்படியானால் பயப்பட ஒன்றுமே இல்லையா? இருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. பெட்டியோடு அனுப்புவதற்கு இரண்டு ஜெனரேட்டர் வைத்திருந்தார், கேத வீட்டில் கரண்ட் போனால் ஓட்ட. இரண்டு நாளைக்கு ஒரு தடவை அவற்றை ஸ்டார்ட் செய்து அரை மணி நேரம் ஓடவிடுவார்கள், எங்கே தெரியுமா, எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே இருந்த சந்தில். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது, காற்று நகராத சந்தில் தங்கி மேலே ஏறும், அறைக்குள் சேர்ந்தால் பெரியவர்களே தூக்கத்தில் போய்விடுவார்கள். பேய்க்கு பயந்து சாத்தி வைத்த ஜன்னல் அந்தப் பத்து நாள் தற்செயலாக எங்களைக் காப்பாற்றியிருக்கலாம். அதை அத்தையிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

இதற்கு மட்டும் நிஜமாகச் சண்டை போட்டேன். முதலில் "பத்து வருஷமா இங்கதான் ஓடுது" என்றார். மாடிக்குக் கூட்டிப் போய், தொட்டிலைக் காட்டி, ஜன்னல் ஓரத்தில் விரலை வைத்துத் தேய்க்கச் சொன்னேன். விரல் கறுப்பானது. மறுநாள் ஜெனரேட்டர் தெருப்பக்கம் போய்விட்டது. பெட்டி கழுவும் இடத்தையும் பார்த்துவைத்தேன். பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் கிளம்பும், கடைப் பையனுக்கு அது தெரியாது, தனித்தனியாகத்தான் ஊற்றவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

சத்தம் வேறு விஷயம். குடியிருப்புப் பகுதியில் ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்று விதி இருக்கிறது. சாவு பத்து மணிக்குள்ளா வருகிறது? இரண்டு மணிக்கு போன் அடிக்கும், ஷட்டர் கிறீச்சென்று ஏறும், பிள்ளை எழுந்துவிடும். கேட்டுக்கொண்டதில் ஷட்டருக்கு கிரீஸ் போட்டார், ஒரு பெட்டியை ராத்திரியில் வண்டியிலேயே ஏற்றி வைத்தார். தத்தனேரிக்குப் போகிற ஊர்வலத்தின் வேட்டுச் சத்தத்துக்கு மட்டும் யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது. ஒன்றரை வயதில் எங்கள் ஆள் பறைச் சத்தம் கேட்டால் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆட ஆரம்பித்தான். அழுதுகொண்டு போகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள், நாங்கள் வெட்கப்பட்டு உள்ளே தூக்கிக்கொண்டு ஓடுவோம்.

அதனால் நீங்கள் செய்யவேண்டியது, பகலில் ஒரு தடவையும் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஒரு தடவையும் போய் அந்த வீட்டு வாசலில் நின்று பாருங்கள். ஒத்தியாக இருந்தால் இடையில் கிளம்பினால் பணம் எப்போது திரும்பி வரும் என்பதைப் பத்திரத்திலேயே எழுதி வாங்குங்கள், எங்களுக்கு அது இல்லாததால்தான் முதல் மாதமே ஓடிப்போக முடியவில்லை. முக்கியமாக, வீட்டில் இருப்பவர்களிடம் பந்தல் கடை என்று சொல்லாதீர்கள்.

என் மனைவியைக் கேட்டால் போகவே கூடாது என்பாள். மூன்று வருடமும் அவள் கடைப் பக்கம் திரும்பாமல்தான் படியேறினாள், சம்பங்கி வாசம் இன்றைக்கும் ஆகாது. 2020-இல் அந்த வீட்டைக் காலி செய்தோம். அடுத்த வருடம் உசிலம்பட்டியில் மாமா தவறியபோது ராத்திரி பதினொன்றரை, யாரைக் கூப்பிடுவது என்று நான் தடுமாறி நிற்கையில் அவள்தான் தன் போனை எடுத்து 'கீழ்வீட்டு அண்ணன்' என்று போட்டிருந்த நம்பரை அழுத்தினாள். இரண்டு மணி நேரத்தில் பெட்டி வந்து இறங்கியது. வாடகையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. வண்டியில் வந்த பையன் மட்டும் ஜெனரேட்டரை இறக்குவதற்கு முன்னால் என்னிடம் வந்து, "வீட்ல சின்னப்புள்ள இருக்கு, தெருப்பக்கம் தள்ளி வைக்கணும்னு அண்ணே சொல்லிவிட்டாரு, எந்தப் பக்கம்ணே வைக்கட்டும்?" என்று கேட்டான்.