‘இலவச’ அறைக்கு வந்த பில்: யாரிடம் கேட்பது?

கேள்வி: நான் பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். என் ஓய்வூதியக் கணக்கு உள்ள வங்கிக் கிளையில், ‘ஆண்டுக்கு மூன்று இரவு இலவசமாகத் தங்கலாம்’ என்று சொல்லி, 5,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் ஆண்டுக் கட்டணமாக வாங்கிக்கொண்டு ஒரு பயண கிரெடிட் கார்டைக் கொடுத்தார்கள். கார்டில் செலவு செய்தால் சேரும் பரிசுப் புள்ளி ஒன்றுக்கு ஒரு ரூபாய் மதிப்பு என்றவர்கள், நான் புள்ளிகளைச் சேர்த்த பிறகு, ஒரு குறுஞ்செய்தி அனுப்பி அதை 50 காசாகக் குறைத்துவிட்டார்கள். போகட்டும் என்று 40,800 புள்ளிகளைச் செலவிட்டு, வங்கியின் பயண இணையதளத்திலேயே மூணாறில் ஒரு விடுதியை மூன்று இரவுக்குப் பதிவு செய்தேன். ‘செலுத்த வேண்டிய தொகை: 0’ என்று உறுதிச்சீட்டு வந்தது. 2025 நவம்பர் 9 அன்று அறையைக் காலி செய்தபோது, ‘விடுதி வசதிக் கட்டணம்’ என்று இரவுக்கு 1,500 ரூபாயும் அதற்கு வரியும், சாப்பாட்டு பில்லில் 10 சதவீத சேவைக் கட்டணமும் சேர்த்து வாங்கிவிட்டார்கள். கேட்டால் விடுதி வங்கியைக் கைகாட்டுகிறது. வங்கி, அந்த இணையதளத்தை நடத்தும் நிறுவனத்தைக் கைகாட்டுகிறது. அமெரிக்காவில் உள்ள என் மருமகன், ‘இங்கெல்லாம் இது சகஜம், விட்டுவிடுங்கள் மாமா’ என்கிறார். விட்டுவிடுவதா? வழக்கு என்றால் மூணாறுக்கு அலைய வேண்டுமா?

பதில்: ஐயா, தாங்கள் ஒரே குறையாக எழுதியிருப்பது உண்மையில் மூன்று குறைகள். அவற்றின் சட்ட பலம் ஒன்றுபோல் இல்லை. வசதிக் கட்டணத்தைப் பற்றிய குறை வலுவானது, சேவைக் கட்டணத்தைப் பற்றியது அதைவிடத் தெளிவானது, புள்ளியின் மதிப்பைக் குறைத்ததைப் பற்றியது பலவீனமானது. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனால், பலவீனமானதைப் பற்றியே எதிர்தரப்பு பக்கம் பக்கமாகப் பதில் எழுதி, மற்ற இரண்டையும் அதன் நிழலில் மறைத்துவிடும். ஆகவே முதலில் பிரித்துவிடுவோம்.

தாங்கள் அனுப்பிய பில்லின் நகலைப் பார்த்தேன். அறை வாடகை என்ற வரியில் பூஜ்யம். அதற்குக் கீழே வசதிக் கட்டணம் 4,500 ரூபாய், அதன்மேல் 18 சதவீத வரி 810 ரூபாய், ஆக 5,310. சாப்பாட்டுக் கணக்கு 7,200 ரூபாய்க்குச் சேவைக் கட்டணம் 720, அதற்கு 5 சதவீத வரி 36. சர்ச்சைக்குரிய தொகை மொத்தம் 6,066 ரூபாய். உறுதிச்சீட்டில், ‘செலுத்த வேண்டிய தொகை: 0’ என்பது கொட்டை எழுத்தில் இருக்கிறது, இரண்டாம் பக்கத்தின் அடியில், ரத்து விதிகளுக்கும் பிறகு, ‘விடுதியில் நேரடியாகச் செலுத்த வேண்டிய கட்டணங்கள் இருக்கலாம்’ என்று ஒரு வரி இருக்கிறது. எவ்வளவு என்றோ எதற்கு என்றோ அதில் இல்லை. எதிர்தரப்பு தூக்கிக்கொண்டு வரப்போவது இந்த வரியைத்தான். என் பார்வையில், தங்களுக்கு உதவப்போவதும் இதே வரிதான். கட்டணம் ஒன்று உண்டு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தும் தொகையைச் சொல்லவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

நெல்லை டவுனில் அல்வா வாங்கப் போகிறோம். கால் கிலோ இன்ன விலை என்று பலகையில் எழுதியிருக்கிறது. கட்டி வாங்கிய பிறகு இலைக்கு இவ்வளவு, நூலுக்கு இவ்வளவு, நிறுத்துக் கொடுத்ததற்கு இவ்வளவு என்று கேட்டால் நாம் கொடுப்போமா? வாங்குபவர் வேண்டாம் என்று மறுக்க முடியாத கட்டணம் எதுவோ அது விலையின் ஒரு பகுதி. அதைத் தனிப் பெயரிட்டு ஒளிப்பதையே சட்டம் தடுக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், இணைய வணிகத்தில் நுகர்வோரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. அவற்றுள் ஒன்று, விலையைச் சொட்டுச் சொட்டாக வெளியிடும் ‘டிரிப் பிரைசிங்’. விலையின் கூறுகளை முதலிலேயே சொல்லாமல் விடுவதும், பதிவை உறுதி செய்தபோது காட்டிய தொகையைவிட அதிகமாகப் பின்னர் வசூலிப்பதும் அதில் அடங்கும். தங்களுக்கு நடந்தது அப்படியே இதுதான்.

இதைவிடவும் பொருத்தமான ஒரு பகுதி, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் பிரிவு 2(47)இல் இருக்கிறது. பரிவர்த்தனையில் வாங்கும் தொகையில் முழுவதுமோ ஒரு பகுதியோ ஈடுகட்டப்படும் ஒன்றை இலவசமாகக் கொடுப்பதுபோன்ற தோற்றத்தை உருவாக்குவதை முறையற்ற வணிக நடைமுறை என்று அப்பிரிவு சொல்கிறது. விலையைப் பற்றித் தவறான எண்ணம் தரும் கூற்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டிருந்தாலும் அதற்குள் வரும். ஆகவே, கிளையில் கார்டை விற்ற அலுவலர் சொன்னதற்கு எழுத்து ஆதாரம் இல்லையே என்று தாங்கள் கவலைப்பட வேண்டியதில்லை; அவர் கொடுத்த வண்ணத் துண்டறிக்கை வீட்டில் எங்கேனும் கிடக்கிறதா என்று மட்டும் தேடிப் பாருங்கள்.

சேவைக் கட்டணத்துக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. உணவு பில்லில் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய ஆணையம் 2022 ஜூலை 4 அன்று நெறிமுறை வெளியிட்டது. அதை எதிர்த்து உணவக உரிமையாளர் சங்கங்கள் தொடுத்த வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தள்ளுபடி செய்தது. பலர் இதை அரசுக்குப் போகும் வரி என்று எண்ணிப் பேசாமல் கொடுத்துவிடுகிறார்கள். சேவை வரி என்று ஒன்று முன்பு இருந்தது. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தபோதே அது போய்விட்டது. இப்போது பில்லில் வரும் சேவைக் கட்டணம் முழுவதும் விடுதிக்கே போகிறது.

இனி, மூவரும் ஒருவரையொருவர் கைகாட்டும் விஷயம். புள்ளியில் தங்கியவர் பணமே கொடுக்கவில்லை, எனவே நுகர்வோரே இல்லை என்ற வாதத்தைத் தாங்கள் எதிர்பார்க்கலாம். அது நிற்காது என்பது என் கருத்து. வங்கிக்கு ஆண்டுக் கட்டணம் செலுத்தியிருக்கிறீர்கள்; அந்தக் கட்டணத்துக்கு ஈடாகச் சொல்லப்பட்ட பயன்களில் ஒன்று இந்தத் தங்கல். விடுதிக்குப் பணமே செலுத்தியிருக்கிறீர்கள், வழக்கே அந்தப் பணத்தைப் பற்றியது. இணையதளத்தை வேறொரு நிறுவனம் நடத்தினாலும், வங்கி தன் பெயரையும் முத்திரையையும் அதன் நெற்றியில் ஒட்டி, தன் கார்டின் சிறப்பாக அதை விளம்பரம் செய்துவிட்டு, தகராறு வந்தபின் ‘எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்று சொல்வதை நுகர்வோர் குறைதீர் ஆணையம் எளிதில் ஏற்காது. மூவரையும் எதிர்தரப்பினராகச் சேர்த்து, கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று கேளுங்கள்.

மூணாறுக்குப் போக வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே புகார் தரலாம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 34 சொல்கிறது. பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாத வசதி இது. ‘தகராறுகள் மும்பை நீதிமன்ற எல்லைக்குட்பட்டவை’ என்று நிபந்தனையில் அச்சிட்டிருந்தாலும், நடுவர் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும் என்று எழுதியிருந்தாலும், அதனால் தங்கள் உரிமை பறிபோகாது. ஆகவே திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத புகாருக்குக் கட்டணமும் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் தாங்களே நேரில் வாதிடலாம். 6,066 ரூபாய்க்கு வழக்கறிஞர் வைப்பது, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாகிவிடும் என்பதை, இந்தத் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன்.

புகாரில் ஒரு சொல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கார்டின் நிபந்தனைகள் ஒருதலையானவை என்ற கோபத்தில் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று எழுதத் தோன்றும். நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாநில, தேசிய ஆணையங்களுக்குத்தான் தரப்பட்டிருக்கிறது; அந்தச் சொல் இருந்தால், மாவட்ட ஆணையத்தில் எல்லை பற்றிய ஆட்சேபணை கிளம்பிப் பல மாதங்கள் வீணாகும். ‘முறையற்ற வணிக நடைமுறை’, ‘சேவைக் குறைபாடு’ என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்வது போதும்.

புள்ளி மதிப்புக் குறைப்புக்கு வருகிறேன். கட்டணங்களை மாற்றும் வங்கி குறைந்தது ஒரு மாதம் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், மாற்றம் அறிவிப்புக்குப் பிறகே நடைமுறைக்கு வர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் சொல்கின்றன. ஆனால் அது கட்டணத்தைப் பற்றியது. புள்ளி கட்டணமா என்ற கேள்வியிலேயே வங்கி தப்பிக்கப் பார்க்கும். ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போனாலும், வங்கியின் வணிக முடிவு சார்ந்த புகார்களை அவர் ஏற்பதில்லை என்ற விதி குறுக்கே நிற்கும். இனி சேரப்போகும் புள்ளிகளுக்கு மதிப்பைக் குறைப்பதை எதிர்த்துப் பயனில்லை. ஏற்கெனவே சம்பாதித்த புள்ளிகளை, செலவிட அவகாசமே தராமல் பாதியாக்கினார்கள் என்றால் மட்டும் வாதிட இடமுண்டு. குறுஞ்செய்தி வந்த தேதிக்கும் மதிப்பு குறைந்த தேதிக்கும் இடையே எத்தனை நாள் என்று தாங்கள் எழுதவில்லை. அந்த இடைவெளி ஒரு மாதத்துக்கு மேல் என்றால் இந்தக் குறையை விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நாள்தான் என்றால் வங்கிக்குத் தனியாக எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ, குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். ஆணையத்தில் நிலுவையில் உள்ள அதே பிரச்சினையை அவர் எடுக்க மாட்டார் என்பதால், இதை ஆணையப் புகாரில் சேர்க்காமல் விடுவதற்கு இது இன்னொரு காரணம்.

மருமகனின் ஊர் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ‘ரிசார்ட் ஃபீ’ என்ற இதே வசதிக் கட்டணம் நெடுங்காலம் சகஜமாக இருந்தது உண்மைதான். ஆனால் அந்நாட்டு மத்திய வணிக ஆணையத்தின் விதி 2025 மே 12 முதல் நடைமுறைக்கு வந்து, தங்கும் விடுதிகள் கட்டாயக் கட்டணங்களையெல்லாம் சேர்த்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று ஆக்கிவிட்டது. அவரிடம் தாங்கள் இதைச் சொல்லலாம்.

கார்டு பில்லில் இந்த 6,066 ரூபாயை மட்டும் கட்டாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அது வேண்டாம். பாக்கி நின்றால், வட்டியில்லா அவகாசம் போய்ப் புதிய செலவுகளுக்கும் சேர்த்து வட்டி ஏறும். ‘ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்’ என்று வங்கிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு உடனே கட்டிவிடுங்கள். அதே மின்னஞ்சலில், அந்தத் தொகையைச் சர்ச்சைக்குரிய பரிவர்த்தனையாகப் பதிந்து விடுதியிடமிருந்து திரும்பப் பெறும் ‘சார்ஜ்பேக்’ நடவடிக்கையை எடுக்கும்படி கேளுங்கள். அதற்குக் கெடு உண்டு, தள்ளிப்போட வேண்டாம். பில் பற்றிய புகாருக்கு ஆவண ஆதாரத்துடன் 30 நாளில் விளக்கம் தருவது வங்கியின் கடமை.

இணையதள நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கும் எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்தில் ஒப்புகை தந்து ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு மின்வணிக விதி. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தால், வழக்குக்கு முன்பே பணம் திரும்பி வருவதும் உண்டு. இவற்றுக்கெல்லாம் அசையாவிட்டால், மூவருக்கும் 15 நாள் அவகாசம் கொடுத்து அறிவிப்பு அனுப்பி, பிறகு புகாரைத் தாக்கல் செய்யுங்கள். தொகை, அதற்கு வட்டி, மன உளைச்சலுக்கு மிதமான ஓர் இழப்பீடு, வழக்குச் செலவு என்று கேட்டால் போதும். ஐந்து லட்சம் பத்து லட்சம் என்று கேட்பது புகாரின் மதிப்பைத்தான் குறைக்கும்.

பதிவு செய்தபோது தங்கள் மகன் கைப்பேசியில் எடுத்த திரைப்பிடிப்புகளை அழிக்காமல், அந்தக் கைப்பேசியையும் மாற்றாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அவற்றைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63இன்படி, மின்னணு ஆவணத்துக்கான ஒரு சான்றும் இணைக்க வேண்டும். விடுதியில் நுழையும்போது கையெழுத்திட்ட பதிவு அட்டையின் நகலை இப்போதே எழுதிக் கேளுங்கள். கட்டணத்துக்குச் சம்மதித்துக் கையொப்பமிட்டார் என்று பின்னால் அவர்கள் சொன்னால், அதில் அப்போது என்ன அச்சிட்டிருந்தது என்பதைத் தாங்கள் முன்பே பார்த்திருக்க வேண்டும். காலவரம்பு இரண்டு ஆண்டு. தங்கள் கணக்கில் அது 2027 நவம்பர் 9 வரை.