வெலின் கார்டன் சிட்டிக்குக் குடிவரலாமா?

அன்புள்ள அக்கா,

உங்கள் ஊரைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படித்து வருகிறேன். நாங்கள் கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மகளுக்கு அடுத்த வருடம் பள்ளி. என் அலுவலகம் லண்டன் நடுவில், மூர்கேட் பக்கம். நேரடி ரயில் இருக்கிறதே என்று போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை லண்டனுக்கு வடக்கே இருக்கும் உங்கள் வெலின் கார்டன் சிட்டிக்கு வந்து பார்த்தோம். அழகான ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் ஐந்தரை மணிக்கே கடைகளெல்லாம் மூடிக் கிடந்தன. தெருவில் ஆளில்லை. எங்கு திரும்பினாலும் அதே செங்கல், அதே செடிவேலி. "யாரோ வரைஞ்ச படத்துக்குள்ள வந்துட்ட மாதிரி இருக்கு" என்றாள் என் மனைவி. "அது லண்டனுக்கு வேலைக்குப் போறவங்க ராத்திரி வந்து தூங்குற ஊர், மூணே மாசத்துல பைத்தியம் பிடிச்சிடும்" என்கிறார்கள் நண்பர்கள். உண்மையிலேயே அப்படித்தானா? நாங்கள் அங்கே வரலாமா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

உங்கள் மனைவி ஒரே வரியில் ஊரைப் பிடித்துவிட்டார். யாரோ வரைந்த படம்தான் இது. வரைந்தவர் லூயி டி ஸ்வாசோன் என்ற கட்டடக் கலைஞர். வயலும் மரமுமாகக் கிடந்த நிலத்தை 1920-இல் அவர் கையில் கொடுத்து ஊர் போடச் சொன்னார்கள். நீங்கள் நடந்திருக்கக்கூடிய பார்க்வே என்ற நீண்ட புல்வெளிச் சாலை, அதன் வடக்கு முனையில் அரைவட்டமாக வளையும் கேம்பஸ் என்ற புல்வெளி, முட்டுச்சந்தைச் சுற்றி ஒன்றையொன்று பார்த்து நிற்கும் செங்கல் வீடுகள், எல்லாம் அவர் போட்ட கோடுகள்.

கடைகள் மூடியிருந்ததை முழுக்க ஊரின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். பெரிய கடைகள் ஞாயிறன்று ஆறு மணி நேரத்துக்கு மேல் வியாபாரம் செய்யக்கூடாது என்பது இங்கிலாந்து முழுக்க உள்ள சட்டம். ஈஸ்ட் ஹாமில் சின்னக் கடைகள் வரிசையாகத் திறந்திருப்பதால் உங்களுக்கு அது உறைப்பதில்லை. அந்தச் சின்னக் கடைகள் இங்கே ஏன் இல்லை என்று கேட்டால் அது நல்ல கேள்வி. ஊரைக் கட்டிய கம்பெனியே 1921-இல் வெலின் ஸ்டோர்ஸ் என்று ஒரு கடையைத் திறந்தது. முதல் பல வருடங்களுக்கு மளிகையா, துணியா, எதுவானாலும் அங்கேதான். வேறு வியாபாரிகளுக்கு இடம் கொடுப்பதில் கம்பெனிக்கு ஆர்வமில்லை. ஜனங்கள் அப்போதே முணுமுணுத்திருக்கிறார்கள். அந்தக் கடைதான் 1980-களில் ஜான் லூயிஸ் என்ற பெரிய பல்பொருள் அங்காடி ஆனது. ஆகவே உங்கள் புகார் நூறு வருடப் பழையது. கடைத்தெருவின் சந்தடி இங்கே வராமல் போனதல்ல, வர விடப்படாதது.

இதற்கெல்லாம் மூலகாரணமான ஆளைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்கள் கேள்விக்கு வருகிறேன். எபினேசர் ஹோவர்ட். கட்டடக் கலைஞரல்ல, பணக்காரருமல்ல, பார்லிமெண்டில் சுருக்கெழுத்தாளர். ஊரார் பேச்சையெல்லாம் எழுதிக்கொண்டிருந்த மனிதர் 1898-இல் தன் பேச்சை ஒரு சின்னப் புத்தகமாக எழுதினார். லண்டன் நெரிசலில் கிடக்க வேண்டாம், கிராமத்தில் வேலையில்லாமல் காயவும் வேண்டாம், இரண்டுக்கும் நடுவில் ஓர் ஊர் கட்டுவோம் என்றார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் கார்டன் சிட்டி, தோட்ட நகரம். ஆறாயிரம் ஏக்கர் நிலம். அதில் ஆயிரத்தில் ஊர், மற்றதில் விவசாயம். முப்பத்திரண்டாயிரம் பேர். வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் தொழிற்சாலை. முக்கியமானது இதுதான்: நிலம் மொத்தமும் ஊரின் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும், ஊர் வளர வளர ஏறும் நிலமதிப்பு தனியார் பைக்குப் போகாமல் ஊருக்கே திரும்ப வேண்டும்.

முதல் ஊர் 1903-இல் தொடங்கிய லெட்ச்வொர்த். இரண்டாவது எங்களுடையது. 1919-இல் இந்த நிலம் ஏலத்துக்கு வந்தபோது ஹோவர்டிடம் முன்பணத்துக்குக்கூடப் போதிய காசில்லை. நண்பர்களிடம் புரட்டிக்கொண்டு போய் ஏலம் எடுத்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்பது! நம் வீடுகளில் அந்த வயதுக்காரர் கடன் வாங்கி ஊர் கட்டப் போகிறேன் என்றால் கட்டிப் போட்டிருப்போம். கட்டிய ஊரிலேயே குடியிருந்து 1928-இல் காலமானார்.

இனி உங்கள் ரயில். எங்கள் ஸ்டேஷனுக்குள் போக வேண்டுமானால் ஒரு கடைவளாகத்துக்குள் நுழைந்து, மேல்தளம் ஏறி, டிக்கெட் கூடத்துக்குப் போக வேண்டும். அந்த வளாகத்தின் பெயர் ஹோவர்ட் சென்டர். பிழைப்புக்காக லண்டனுக்கு ஓட வேண்டாம் என்று ஊர் கட்டிய மனிதரின் பெயர்ப்பலகைக்குக் கீழே நுழைந்துதான் தினமும் காலையில் லண்டனுக்கு ஓடுகிறோம். 1990-இல் அந்தப் பெயரை வைத்தவர்களுக்கு இது தோன்றியதா என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

வேகமான ரயில் கிடைத்தால் லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனுக்கு அரைமணிதான். உங்களுக்கு வேண்டிய மூர்கேட் வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்று போகும், கூடுதல் நேரம் பிடிக்கும். ஆனால் இங்கேயே புறப்படுவதால் உட்கார இடம் கிடைக்கும். லண்டன் பயண மண்டலங்களுக்கு வெளியே என்பதால் கட்டணம் கடிக்கும். வீட்டு வாடகையில் மிச்சமாவதையும் சீசன் டிக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். சிலருக்கு மிச்சமே இராது. ஊருக்குச் சற்று வடக்கே டிக்ஸ்வெல் பாலம் இருக்கிறது. நாற்பது வளைவுகளோடு 1850-இலிருந்து நிற்கிறது, பார்க்க அவ்வளவு கம்பீரம். ஆனால் லண்டனிலிருந்து நான்கு தண்டவாளமாக வரும் பாதை அதன்மேல் இரண்டாகச் சுருங்குகிறது. அங்கே ஒரு வண்டி மக்கர் செய்தால் ஸ்காட்லாந்து போகும் ரயில்வரை பின்னால் வரிசை கட்டி நிற்கும். அந்த மாலைகளில் கிங்ஸ் கிராஸில் அண்ணாந்து பலகையைப் பார்த்தபடி நிற்கும் கூட்டத்தில் நீங்களும் ஒருவராக இருப்பீர்கள்.

தூங்குகிற ஊர் என்பது பாதி உண்மை. டெஸ்கோ சூப்பர்மார்க்கெட்டின் தலைமை அலுவலகம் இங்கேதான் இருக்கிறது, ரோஷ் மருந்துக் கம்பெனியின் பிரிட்டிஷ் தலைமையகமும் இங்கேதான். காலையில் நாங்கள் கிளம்பும் அதே நேரத்தில் எதிர் வண்டியில் ஒரு கூட்டம் வந்து இறங்கும். ஆனால் ஹோவர்ட் நினைத்த நடந்துபோகும் தூரத்துத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் போய்விட்டன. ஸ்டேஷனுக்குக் கிழக்கே வெள்ளையாக உயர்ந்து நிற்கும் தானியக் கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். ஷ்ரெடட் வீட் என்ற கோதுமைக் காலை உணவைச் செய்ய 1926-இல் திறந்த ஆலை. 2008-இல் உற்பத்தி நின்றது. அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிகள் வருகின்றன. அங்கே குடிவருகிறவர்களில் அநேகர் எந்த ஊருக்கு வேலைக்குப் போவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பைத்தியம் பிடிக்குமா என்ற கேள்வியை நீங்கள் உங்களுக்காகக் கேட்கிறீர்கள். உங்களுக்குப் பிடிக்காது செந்தில். நீங்கள் பகலெல்லாம் மூர்கேட்டில் இருப்பீர்கள். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு இந்த ஊரில் இருக்கப் போவது உங்கள் மனைவி. ஈஸ்ட் ஹாமில் அவர் கறிவேப்பிலை வாங்க இறங்கினால் நாலு பேரிடம் தமிழில் பேசிவிட்டு வீடு திரும்பலாம். இங்கே தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு புல்வெளியைச் சுற்றி வந்தால், எதிரே வருகிறவர் சிரித்து, வானிலை பற்றி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதில் குறையொன்றும் இல்லை, அது இந்த ஊர் மரியாதை. அதிலிருந்து அடுத்த வாக்கியத்துக்குப் போக மாதங்கள் ஆகும். எனக்கு அந்த வாக்கியம் செடிவேலியில்தான் கிடைத்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆகஸ்டில் கயிறு கட்டி, மட்டம் பார்த்து வேலி வெட்டுவார். என் பக்கத்து வேலி கோணலாக நிற்பதைப் பொறுக்க முடியாமல் ஒருநாள் கத்தரியோடு வந்துவிட்டார். வெட்டி முடிக்கிறவரை வானிலை, முடித்தபின் தேநீர், அப்புறம் அவர் அம்மா ஷ்ரெடட் வீட் ஆலையில் வேலை பார்த்த கதை. இப்படி மெதுவாகத்தான் இங்கே ஆட்கள் கிடைப்பார்கள். கேம்பஸ் வெஸ்டில் நூலகமும் திரையரங்கும் இருக்கின்றன. சர்ச் ஹால்களில் சின்னக் குழந்தைகளோடு தாய்மார்கள் கூடுவார்கள். போய்த்தான் சேர வேண்டும், வீடு தேடி யாரும் வரமாட்டார்கள். முருகனைப் பார்க்க வேண்டுமென்றால் ஃபின்ஸ்பரி பார்க்கில் இறங்கி ஹைகேட் ஹில் கோவிலுக்குப் போய்விடலாம். கறிவேப்பிலைக்கு நான் இன்னும் லண்டன் போய் வருகிறவர்களிடம்தான் சொல்லியனுப்புகிறேன்.

வேலி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சொந்த வீடே ஆனாலும் இந்த ஊரின் பெரும்பகுதியில் எஸ்டேட் மேனேஜ்மென்ட் ஸ்கீம் என்ற கட்டுப்பாடு உண்டு. ஜன்னல் மாற்ற, வாசல் வேலியைப் பிடுங்க, முன்தோட்டத்தில் கல் பாவிக் கார் நிறுத்த, எல்லாவற்றுக்கும் கவுன்சிலின் அனுமதி வேண்டும். நம்மவர்கள் பலருக்கு இது எரிச்சல். எனக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் கண்ணை உறுத்திய அந்த "அதே வேலி" இந்த விதியால்தான் நிற்கிறது. இல்லாவிட்டால் என்றைக்கோ பாதித் தெரு கார் ஷெட்டாகியிருக்கும்.

எனக்கு வருத்தம் வேறு. வேலியைக் காப்பாற்றியவர்கள் நிலத்தை விட்டுவிட்டார்கள். 1948-இல் அரசாங்கம் ஊரைப் புது நகரத் திட்டத்தில் எடுத்துக்கொண்டது. பிறகு சொத்துக்கள் கைமாறின, விற்கப்பட்டன, ஏறிய மதிப்பு ஊருக்கு வந்து சேரவில்லை. லெட்ச்வொர்த்தில் அப்படி நடக்கவில்லை. அங்கே நிலத்தின் பெரும்பகுதியை ஓர் அறக்கட்டளை வைத்திருக்கிறது, அதில் வரும் வாடகையை ஊருக்கே செலவழிக்கிறது. ஊர் சினிமாக் கொட்டகைகூட அதனுடையதுதான். ஹோவர்டின் மரமும் புல்லும் எங்களிடம் தங்கின, அவருடைய கணக்குப் புத்தகம் லெட்ச்வொர்த்தில் தங்கியது. நீங்கள் அங்கேயும் ஒரு நடை போய்ப் பார்க்கலாம். ஆனால் மூர்கேட்டுக்கு இன்னும் தூரம்.

ரயில் பாதைக்கு மேற்கே பழைய அழகு வீடுகள், விலை அதிகம். கிழக்கே தொழிற்சாலைகளையும் தொழிலாளர் குடியிருப்புகளையும் வைத்தார்கள்; எல்லா வர்க்கமும் கலந்து வாழும் என்று எழுதிவிட்டு நடுவில் தண்டவாளம் ஓடுகிற இடத்தில் ஊர் கட்டினால் வேறென்ன ஆகும்? மேற்கே இருக்கிறவர்கள் கிழக்கைப் பற்றிச் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உங்கள் பட்ஜெட்டுக்குக் கிழக்கிலேயே தேடுங்கள். அங்கே குழந்தைகள் தெருவில் விளையாடுவதையும் பார்க்கலாம்.

என்னைக் கேட்டால், வாங்காதீர்கள், முதலில் ஒரு வருடம் வாடகைக்கு வாருங்கள். அதற்கும் முன் ஒரு வேலைநாளில் உங்கள் மனைவி மட்டும் வந்து பார்க்கட்டும், நான் ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துப்போகிறேன். அவர் வேண்டாமென்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். இன்னும் இரண்டு விஷயம். அவசர சிகிச்சைப் பிரிவு ஊரில் இல்லை, ஸ்டீவனேஜ் லிஸ்டர் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். கார் இல்லையென்றால் யோசியுங்கள். தொடக்கப் பள்ளி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜனவரி 15. வீடு எந்தப் பள்ளிக்குப் பக்கம் என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் இடம் தருவார்கள், ஆகவே வருவதாக இருந்தால் வாடகை ஒப்பந்தத்தை அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா