வாசகர் கேள்வி – பதில்: திருப்பணியில் நிற்பவர் எல்லாவற்றையும் ஏற்றிருக்க வேண்டுமா?

இலங்கையின் வன்னிப் பகுதிக் கத்தோலிக்கப் பங்குகளிலிருந்து ஏறத்தாழ ஒரே பொருளைப் பற்றி வந்த நான்கு கடிதங்களுக்கு இம்முறை விடை தருகிறோம். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி அவர்களின் பெயரையும் பங்கின் பெயரையும் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: பல ஆண்டுகளாக எங்கள் பங்கில் உறுதிப்பூசுதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பித்து வருகிறேன். செயற்கைக் கருத்தடை பற்றிய திருச்சபையின் போதனையை என்னால் மனதார ஏற்க முடியவில்லை. மூன்றாவது பிள்ளையின் பேற்றில் நான் உயிர் தப்பியதே பெரிய காரியம். இனி ஒரு பேறு கூடாது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். இதைப் பற்றி வகுப்பில் ஒருநாளும் நான் வாய் திறந்ததில்லை. அண்மையில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில், "திருச்சபை சொல்வது அத்தனையையும் முழுமனதோடு ஏற்காதவர் பிள்ளைகளுக்கு முன் நிற்கக்கூடாது" என்று மூத்த ஆசிரியர் ஒருவர் பொதுவாகச் சொன்னார். நான் விலகிக்கொள்ள வேண்டுமா? (முல்லைத்தீவு மாவட்ட வாசகி)

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் உள்ளபடி பார்த்தால் நீங்கள் விலக வேண்டியதில்லை. ஆனாலும் அந்த மூத்தவரின் பேச்சை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. பிரித்துப் பார்க்க வேண்டிய பல காரியங்களை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார் என்பதுதான் குறை.

திருச்சபையின் போதனைகள் எல்லாம் ஒரே எடை உடையவை அல்ல என்பதை 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டக்கோவையே காட்டுகிறது. கிறிஸ்துவின் உயிர்ப்பு, நற்கருணையில் அவருடைய மெய்யான பிரசன்னம் போன்று, இறைவனே வெளிப்படுத்தியவை என்று திருச்சபை முன்வைக்கும் உண்மைகளை விசுவாசத்தோடு ஏற்க வேண்டும் என்கிறது 750ஆம் சட்டம். திருமுழுக்குப் பெற்ற ஒருவர் இவற்றில் ஒன்றைப் பிடிவாதமாக மறுப்பதையோ ஐயுறுவதையோதான் அடுத்த சட்டம் தப்பறை, அதாவது விசுவாசத்துக்கு மாறான கொள்கை, என்கிறது. வெளிப்பாட்டைக் காப்பதற்குத் தேவையானவை என்று திருச்சபை இறுதியாக அறுதியிட்டுக் கூறுபவற்றையும் உறுதியாகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்ற பகுதி 1998இல் அதே சட்டத்தோடு சேர்க்கப்பட்டது. இவற்றுக்கு அப்பால், அறுதியிட்டுக் கூறும் நோக்கமின்றித் திருத்தந்தையும் ஆயர்களும் விசுவாசத்தைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் தரும் போதனைகளுக்கு, விசுவாச இசைவு என்ற அளவுக்கு அல்லாமல், அறிவும் மனமும் பணிந்து செவிசாய்க்கும் ஏற்பு ஒன்றை 752ஆம் சட்டம் கேட்கிறது. நீங்கள் குறிப்பிடும் போதனை இவற்றில் எந்த வகையைச் சேர்ந்தது என்பதில் இறையியலாளர்களிடையே இன்றும் வாதம் உண்டு. எந்த வகை என்றாலும், "எனக்குப் பிடிக்கவில்லை, ஆகவே விட்டுவிடுகிறேன்" என்று நகர்ந்துவிடும் உரிமையை அது ஒருவருக்கும் தருவதில்லை.

அதே வேளை, ஒரு போதனையை விளங்கிக்கொள்ள முடியாமல் மனம் முட்டிக்கொண்டு நிற்பது வேறு, அதற்கு எதிராகப் பிறரைத் திரட்டுவது வேறு. உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1990ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் திகதி இறையியலாளர்களுக்காக வெளியிட்ட அறிவுறுத்தல் இந்த வேறுபாட்டை விரிவாகவே பேசுகிறது: இடர்ப்பாடு உள்ளவர் அதைத் திருச்சபை அதிகாரிகளிடம் எடுத்துச் சொல்லலாம், இன்னும் ஆழமாகப் படிக்கலாம், தெளிவு கிடைக்காவிட்டால் மௌனத்திலும் செபத்திலும் அந்த வேதனையைத் தாங்கிக்கொண்டு இருக்கலாம், ஊடகங்கள் வழியாக அழுத்தம் கொடுப்பதுதான் ஆகாது. படித்த இறையியலாளருக்கே இவ்வளவு இடம் உண்டென்றால், மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு ஞாயிறு காலையில் வகுப்பெடுக்கும் தாய்க்கு அதைவிடக் குறைத்துக் கொடுக்க நியாயம் இல்லை. பத்தாயிரம் இடர்ப்பாடுகள் சேர்ந்தாலும் அது ஓர் ஐயமாகிவிடாது என்று கர்தினால் நியூமன் எழுதியதைத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 157ஆம் எண்ணில் எடுத்தாள்கிறது.

பதவியேற்கும்போது விசுவாச அறிக்கை செய்ய வேண்டியவர்கள் யார் என்று 833ஆம் சட்டம் வரிசைப்படுத்துகிறது. கர்தினால்கள், ஆயர்கள், பங்குத்தந்தையர், குருமட அதிபர்கள், அங்கே இறையியலும் மெய்யியலும் கற்பிப்போர், திருத்தொண்டர் நிலைக்கு வருவோர் எனப் போகும் அந்த வரிசையில் பங்கு மறைக்கல்வி ஆசிரியரோ திருப்பலியில் வாசகம் வாசிப்பவரோ நற்கருணைப் பணியாளரோ இல்லை. அதற்காக அவர்களிடம் விசுவாசம் எதிர்பார்க்கப்படவில்லை என்று எவரும் கணக்குப் போடக்கூடாது. குருக்கள் அல்லாத பொதுநிலையினர் குருக்களின் பணியில் ஒத்துழைப்பது பற்றி உரோமைப் பேராயங்கள் 1997இல் வெளியிட்ட அறிவுறுத்தல், இத்தகைய பணிகளுக்குத் தெரிவு செய்யப்படுவோர் சரியான கோட்பாட்டிலும் முன்மாதிரியான வாழ்விலும் சிறந்தவர்களாக இருக்க வேண்டும் என்று தெளிவாகவே கூறுகிறது. ஆகவே ஒரு கத்தோலிக்கராக மட்டும் இருப்பவரைவிடப் பணியில் நிற்பவரிடம் கேட்கப்படுவது கூடுதல்தான். வகுப்பில் நிற்கும் வேளையில் நீங்கள் திருச்சபையின் வாயாக நிற்கிறீர்கள் என்பதே அதற்குக் காரணம்.

நாளைக்கே கடைசி வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், குடும்பக் கட்டுப்பாடு பாவமா?" என்று கேட்டால் என்ன செய்வீர்கள் என்பதுதான் உண்மையான சோதனை. திருச்சபை என்ன கற்பிக்கிறது, ஏன் அப்படிக் கற்பிக்கிறது என்பதைக் குறைக்காமலும் கூட்டாமலும் சொல்ல உங்களால் முடியுமானால் நீங்கள் தொடரலாம். முடியாது என்றால், அந்த ஒரு பாடத்தை மட்டும் வேறோர் ஆசிரியரிடம் ஒப்படைக்கும்படி பங்குத்தந்தையிடம் கேளுங்கள். அவர் மறுக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அப்படித்தான் புத்தகத்தில் இருக்கிறது" என்று சொல்வதுதான் எல்லாவற்றிலும் மோசமான பதில், ஏனென்றால் பிள்ளைகள் அந்த முகத்தைத்தான் பாடமாகக் கொண்டு போவார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் ஏற்க முடியவில்லை என்பது திருச்சபையின் போதனையா, அதைப் பற்றி ஊரில் பேசப்படுவதா என்று ஒருமுறை பாருங்கள். பெறக்கூடிய அளவுக்குப் பெற வேண்டும் என்று திருச்சபை சொல்வதாகவே நம்மில் பலர் நினைக்கிறார்கள். 1968இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் எழுதிய சுற்றுமடலோ, உடல்நிலை போன்ற பாரதூரமான காரணங்கள் இருக்கையில் மேலும் பிள்ளை வேண்டாம் என்று கணவனும் மனைவியும் தீர்மானிக்கலாம் என்றும், கருத்தரிக்காத நாட்களைக் கணித்து நடக்கலாம் என்றும், நோயைக் குணப்படுத்தத் தேவையான சிகிச்சையால் கருத்தரிப்பு தடைபட நேர்ந்தாலும், அதுவே நோக்கமாக இல்லாதவரை, அச்சிகிச்சை தவறல்ல என்றும் கூறுகிறது. உங்கள் வைத்தியர் சொன்னதையும் இந்தப் பக்கங்களையும் ஒன்றாக வைத்து, நம்பிக்கையான ஒரு குருவிடம் பேசுங்கள். இடர்ப்பாடு முழுவதும் தீர்ந்துவிடும் என்று நான் வாக்குத் தரவில்லை. அது எங்கே தொடங்குகிறது என்பதாவது தெளிவாகும்.

"அத்தனையையும் ஏற்க வேண்டும்" என்ற அளவுகோலைக் கையில் எடுப்பவர்கள் எல்லாப் பக்கமும் அளக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். குலத்தாலும் சமூக நிலையாலும் மனிதரை வேறுபடுத்துவது இறைவனின் திட்டத்துக்கு மாறானது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கற்பித்திருக்கிறது. திருவிழாவில் திருச்சொரூபக் கூடு தூக்குவது யார், நவநாள் உபயம் எந்தப் பகுதிக்கு என்பதில் சாதி பார்த்துவிட்டு மறுநாள் பீடத்தருகே வாசகம் வாசிக்க ஏறுபவரைப் பார்த்து, "நீர் திருச்சபையின் போதனையை முழுமையாக ஏற்கிறீரா?" என்று கேட்டவரை நான் கண்டதில்லை.

கேள்வி: நான் நற்கருணைப் பணியாளராக இருக்கிறேன். சிறுபிள்ளைகளைக் கெடுத்துக் கொல்பவர்களைத் தூக்கில் போடத்தான் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். திருச்சபை இதற்கு எதிர் என்கிறார்கள். இந்த எண்ணத்தோடு நற்கருணையைத் தொடலாமா? (வவுனியா வாசகர்)

பதில்: மரண தண்டனை மனிதரின் மீற முடியாத மாண்பைத் தாக்குவதால் ஏற்க முடியாதது என்று மறைக்கல்வி நூலின் 2267ஆம் எண்ணை 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் மாற்றியமைத்தார். அதற்கு முன்பிருந்த வாசகம் மிக அரிதான வேளைகளுக்கு இடம் விட்டிருந்தது. ஆகவே உங்களைப் போன்று பழைய வாசகத்தோடு வளர்ந்தவர்கள் தடுமாறுவதில் வியப்பில்லை. நம் நாட்டு நீதிமன்றங்கள் இன்றும் மரண தண்டனை விதித்தாலும் 1976க்குப் பிறகு அது நிறைவேற்றப்படவில்லை என்பதும் நீங்கள் அறிந்ததே.

உங்கள் கோபம் பாவமல்ல. கொல்லப்பட்ட பிள்ளையை நினைத்து எழும் கோபத்தைத் திருச்சபை கண்டிக்கவும் இல்லை. உங்கள் பணியின் அடித்தளம் நற்கருணை மீதான விசுவாசமும் அதற்கு ஏற்ற வாழ்வும் ஆகும். 1973இல் இப்பணியைப் பொதுநிலையினருக்குத் திறந்துவிட்ட அறிவுறுத்தலும் அதையே முதன்மையாகக் கருதியது. படுக்கையில் கிடக்கும் முதியவரின் வீட்டில், வெள்ளைத் துணி விரித்து மெழுகுதிரி ஏற்றிய சிறு மேசைக்கு முன் நீங்கள் நிற்கும்போது, "கிறிஸ்துவின் திருவுடல்" என்று சொல்வதை முழுமையாக நம்புகிறீர்களா என்பதே முதல் கேள்வி. ஆனால் ஆர்ப்பாட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து, "கோயிலில் நற்கருணை கொடுக்கிறவன் சொல்கிறேன், தூக்கில் போடுங்கள்" என்று பேசினால் நிலைமை மாறிவிடும். பொதுநிலையினருக்கு உலகியல் காரியங்களில் சுதந்திரம் உண்டென்றும், தம் சொந்தக் கருத்தைத் திருச்சபையின் போதனையாகக் காட்டக்கூடாதென்றும் 227ஆம் சட்டம் ஒரே மூச்சில் கூறுகிறது. அந்தச் சட்டத்தை ஆறுதலாக ஒருமுறை படித்துப் பாருங்கள், பணியைத் தொடருங்கள்.

கேள்வி: 2008இல் போர்க்கால இடப்பெயர்வுக்கு இடையில், பிள்ளைகளைப் போருக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்ற பயத்தில், பெற்றோர் எங்கள் இருவரையும் அவசரமாகச் சேர்த்துவைத்தார்கள். இருவரும் கத்தோலிக்கர். கோயிலில் மந்திரிக்கவில்லை, பின்னர் பதிவு மட்டும் செய்தோம். இப்போது திருப்பலியில் வாசகம் வாசிக்கும் வாசகராக வரும்படி பங்குத்தந்தை அழைக்கிறார். ஊரில் சிலர் கோயில் கலியாணம் இல்லாதவர் எப்படி என்கிறார்கள். (கிளிநொச்சி வாசகர்)

பதில்: முதலில் ஒன்று: நீங்கள் எந்தப் போதனையையும் மறுத்தவர் அல்லர். திருமணத்தைப் பற்றித் திருச்சபை கற்பிப்பதை ஏற்றுக்கொண்டும் அதன்படி செய்ய வழி இல்லாமல் போனவர். இந்த வேறுபாட்டைக் காணாமல் பேசுவோர் 2008இன் வன்னியை மறந்தவர்கள்.

குடும்பநிலை திருச்சபையின் போதனைக்கு ஒவ்வாதவர்களை இப்பணிகளில் அமர்த்தக்கூடாது என்று மேலே சொன்ன 1997ஆம் ஆண்டின் அறிவுறுத்தல் கூறுவது உண்மை. ஆனால் உங்கள் திருமணம் உண்மையிலேயே ஒவ்வாத நிலையில் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கத்தோலிக்கர் குருவின் முன்னும் இரு சாட்சிகளின் முன்னும் திருமணம் செய்ய வேண்டும் என்பது பொதுவிதி. எனினும் உரிய குருவை அடைவது பெரும் இடரின்றி இயலாதிருந்து, அந்நிலை ஒரு மாதத்துக்குத் தொடரும் என்று நியாயமாக எதிர்பார்க்கப்பட்டால், அல்லது சாவு ஆபத்து இருந்தால், சாட்சிகளின் முன் மட்டும் செய்யும் திருமணமும் செல்லும் என்று 1116ஆம் சட்டம் கூறுகிறது. அன்று நீங்கள் மணமக்களாகச் சம்மதம் கூறியபோது சாட்சிகள் இருந்தார்களா, அருகில் குரு எவராவது இருந்தாரா, அவரிடம் போகக்கூடியதாக இருந்ததா என்பவையெல்லாம் முக்கியம். வன்னிக்குள் இறுதிவரை குருக்களும் மக்களோடு இருந்தார்கள் என்பதால், பதில் எல்லாருக்கும் ஒன்றாக இராது. மறைமாவட்ட நீதிமன்றமே விசாரித்துச் சொல்ல வேண்டும். உங்கள் மாவட்டம் யாழ் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. மன்னார், வவுனியா மாவட்டங்களில் இருப்பவர்கள் மன்னார் ஆயரகத்தை நாட வேண்டும்.

அத்திருமணம் செல்லாது என்று தெரிந்தாலும் பெரிய சங்கடம் ஒன்றும் இல்லை. குருவின் முன் இரு சாட்சிகளோடு அமைதியாகச் சம்மதத்தைப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஊரைக் கூட்ட வேண்டியதில்லை. அதுவும் கடினமானால், முன்பு தந்த சம்மதத்தையே மூலத்திலிருந்து செல்லுபடியாக்கும் அதிகாரம் குறித்த நிலைமைகளில் ஆயருக்கு உண்டு. இதை முடித்துக்கொண்டு வாசகராகுங்கள். பங்குத்தந்தை உங்களை அழைத்தது இதை அறிந்துதானா என்பதையும் அவரிடம் நேரடியாகவே கேளுங்கள்.

கேள்வி: குரு வராத ஞாயிறுகளில் எங்கள் கிளைக்கோயிலில் வழிபாட்டை நான் நடத்துகிறேன். மறையுரையில் என் சொந்தச் சிந்தனைகளைச் சொல்லலாமா? (மடுப் பகுதி வாசகர்)

பதில்: திருப்பலியில் மறையுரை குருவுக்கும் திருத்தொண்டருக்கும் உரியது என்கிறது 767ஆம் சட்டம். குருவின்றி நடக்கும் ஞாயிறு வழிபாடுகளுக்காக 1988இல் வெளிவந்த வழிகாட்டி, பங்குத்தந்தை முன்கூட்டியே ஆயத்தம் செய்த மறையுரையை வழிநடத்துபவரிடம் கொடுத்து வாசிக்கச் செய்வது விரும்பத்தக்கது என்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் குருக்கள் தடைசெய்யப்பட்டிருந்தபோது, 1687இல் புனித யோசப் வாஸ் வந்து சேரும்வரையும் அதன் பிறகும், இங்கே விசுவாசத்தைக் காத்தவர்கள் மூப்பர்மாரும் அண்ணாவிமாரும் ஆகிய பொதுநிலைத் தலைவர்கள்தான்; தாங்கள் பெற்ற செபங்களையும் மறைக்கல்வியையும் பிறழாமல் கையளித்ததே அவர்கள் செய்த பெரும்பணி. நீங்களும் சனிக்கிழமைக்கு முன் பங்குத்தந்தையிடம் மறையுரையை எழுத்திலோ தொலைபேசியிலோ வாங்கிவிடுங்கள். அவர் எழுதித் தராவிட்டால், நீங்கள் எழுதியதை அவருக்கு வாசித்துக்காட்டி, அவர் சரியென்று சொன்ன பிறகு கோயிலில் வாசியுங்கள்.