பள்ளிச் சாலைக்கு நடைபாதை: யாரிடம், எப்போது கேட்பது?

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளிச் சாலையில் நடைபாதையே இல்லை. பிள்ளைகள் நடந்தும் சைக்கிளிலும் லாரிகளுக்கு நடுவேதான் போகிறார்கள். நகராட்சியில் இரண்டு முறை மனு கொடுத்தோம். 'பரிசீலனையில் உள்ளது' என்றே பதில் வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தச் சாலை யாருடையது என்று விசாரியுங்கள். ஊருக்குள் ஓடும் பெரிய சாலைகள் பல, நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கும். அப்படியானால் நகராட்சி ஆணையருக்கு மனம் இருந்தாலும் அவரால் தனியாக ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து, மனுவை எஸ்டிமேட் போடும் உதவிப் பொறியாளரின் கண்ணால் பாருங்கள். 'நடைபாதை வேண்டும்' என்ற ஒரு வரியை வைத்து அவர் என்ன கணக்குப் போடுவார்? டேப் பிடித்து அளந்து, பள்ளி வாசலிலிருந்து எந்த முனை வரை, எத்தனை மீட்டர், எந்த மின்கம்பம் வழிமறிக்கிறது என்று படத்தோடு எழுதுங்கள். சாலைகளுக்கான தரவிதிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் ஐ.ஆர்.சி. 103 விதிமுறையையும் குறிப்பிடுங்கள்: தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம், உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது. உயரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். ஏற முடியாத நடைபாதையைக் கட்டினால் வயதானவர்கள் மறுபடி சாலையில்தான் நடப்பார்கள்.

கவுன்சிலரின் தயக்கம் வேறு. கடைக்காரர்கள் எதிர்ப்பார்களே என்பதுதான் அவர் கவலை. அதனால் அவரிடம் போகும் முன் கடைக்காரர்களிடம் பேசுங்கள். நாலு பேராவது கையெழுத்துப் போட்டால் அவருக்கும் தைரியம் வரும். தள்ளுவண்டிக்காரர்களை விரட்டச் சொல்லாதீர்கள். 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவர்களுக்கும் உரிமை உண்டு, அவர்களுக்கு இடம் ஒதுக்கித் தரும்படி கேளுங்கள். 2019-இல் திறக்கப்பட்ட சென்னை பாண்டி பஜார் நடைபாதை வளாகத்துக்குக்கூட, முன்னதாகத் தற்காலிகத் தடுப்புகள் வைத்து வெள்ளோட்டம் பார்த்தார்கள். பள்ளி நேரத்தில் மட்டும் தடுப்பு வைத்துப் பார்க்கலாம் என்று நீங்களும் போக்குவரத்துக் காவல் ஆய்வாளரிடம் கேட்கலாம். செலவில்லாத யோசனைக்குச் சம்மதம் சீக்கிரம் கிடைக்கும்.

காலமும் முக்கியம். மழைநீர் வடிகாலோ புதுத் தார்ச்சாலையோ போடப்போகிறார்கள் என்று தெரிந்தால் டெண்டருக்கு முன்பே போய் நில்லுங்கள். வேலை முடிந்தபின் அந்தச் சாலையில் மறுபடி கைவைக்க யாரும் முன்வர மாட்டார்கள்.

அப்புறம், மாவட்ட ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு கூடுகிறது. காவல், நெடுஞ்சாலை, போக்குவரத்துத் துறையினர் ஒரே மேசையில் உட்காரும் இடம் அது. அந்தச் சாலையில் நடந்த விபத்துகளைத் தேதி, இடத்தோடு பட்டியலிட்டு, தலைமையாசிரியர் கையெழுத்துடன் அடுத்த கூட்டத்துக்கு முன்பே ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.