சிஎஸ்ஆர் நம்பர் கிடைத்தால் பணம் கிடைத்த மாதிரியா?

கேள்வி: அருப்புக்கோட்டை பக்கம் ஒரு கிராமத்தில் நாலு வருடமாக 60 பிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறோம். டிரஸ்ட் பதிவு, வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவு எல்லாம் இருக்கிறது. 75,000 ரூபாய் கொடுத்தால் மூன்று மாதத்தில் 25 லட்சம் சிஎஸ்ஆர் நிதி (கம்பெனிகள் தங்கள் லாபத்தில் சமூகப் பணிக்குத் தரும் பணம்) வாங்கித் தருவதாக ஒருவர் சொன்னார். 20,000 கொடுத்தோம். சிஎஸ்ஆர் நம்பர் எடுத்துக் கொடுத்துவிட்டு மீதியைக் கேட்கிறார். கொடுக்கலாமா? சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் மகனும் பணம் அனுப்புகிறேன் என்கிறான். வாங்கலாமா?

பதில்: மீதியைக் கொடுக்காதீர்கள் அம்மா. அவர் எடுத்துக் கொடுத்த நம்பருக்கு அரசு ஒரு ரூபாய்கூடக் கட்டணம் வாங்குவதில்லை. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டு, ஆடிட்டர் சான்றளித்தால் நம்பர் தானாக வந்துவிடும். 2021 ஏப்ரலிலிருந்து இது கட்டாயம். இந்த நம்பர் வரிசையில் நிற்க ஒரு டோக்கன், அவ்வளவுதான். எந்தக் கம்பெனியும் உங்களுக்குப் பணம் தர ஒப்புக்கொண்டதாக இதற்கு அர்த்தமில்லை. இதைக் காட்டி "சாங்ஷன் ஆகிவிட்டது" என்று சொல்லி இன்னும் எத்தனை பேரை ஏமாற்றுகிறார்களோ! தொண்டு நிறுவனங்களுக்கான அரசின் தர்பண் தளப் பதிவும் இலவசம். அதையும் விலைக்கு விற்கிறார்கள்.

அடுத்து அவர் என்ன கேட்பார் என்றும் சொல்லிவிடுகிறேன். "25 லட்சத்துக்கு செக் வரும், 15 லட்சத்தை ரொக்கமாகத் திருப்பிக் கொடுங்கள்" என்பார். 25 லட்சமும் பிள்ளைகளுக்கே செலவானது என்று கையெழுத்துப் போடப்போவது நீங்கள். விசாரணை வந்தால் அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

ஆண்டுக்கு 5 கோடிக்கு மேல் நிகர லாபம் பார்க்கும் கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் வட்டாரத்துக்கே முன்னுரிமை தரச் சொல்கிறது சட்டம். அதனால் உங்கள் சுற்றுவட்டாரத்து மில், சிமெண்ட் ஆலை, தீப்பெட்டி, பட்டாசு நிறுவனங்களுக்கு நேராகப் போங்கள். மூன்று வருடம் இதே வேலை செய்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். பிள்ளைகளின் வருகைப் பதிவேடு, தணிக்கை செய்த கணக்கு, போட்டோ மூன்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். 25 லட்சம் என்று தொடங்க வேண்டாம். 2 லட்சம் கேளுங்கள்.

லேப்டாப் கேட்டால் கிடைக்கும், ஆசிரியர் சம்பளம் கேட்டால் முகம் சுளிப்பார்கள். லேப்டாப்பில் கம்பெனி பெயரை ஒட்டலாம், சம்பளத்தில் ஒட்ட முடியாதே! பிள்ளைக்கு எழுத்துக்கூட்டச் சொல்லித் தருவது ஆசிரியர்தான் என்று பதினைந்து வருடமாகச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இத்தனை சின்ன மையத்துக்கும் பெரிய ஆஸ்பத்திரி டிரஸ்டுக்கும் ஒரே படிவம் வைத்திருக்கும் அரசிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

அண்ணன் மகன் விஷயத்தை நிதானமாகப் படியுங்கள். வெளிநாட்டுப் பணம் வாங்க எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு வேண்டும். உங்களிடம் இல்லை. ஆனால் அவர் இன்னும் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சட்டம் அதை வெளிநாட்டு நிதியாகக் கருதாது. தாராளமாக வாங்கலாம். பாஸ்போர்ட் நகலையும், சொந்தப் பணம்தான் என்று எழுதிய கடிதத்தையும் வாங்கி வையுங்கள். சிங்கப்பூர் குடியுரிமை எடுத்துவிட்டாரா? அப்படியானால் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் அட்டை) இருந்தாலும் அவர் சட்டப்படி வெளிநாட்டவர். நூறு ரூபாய்கூட வாங்காதீர்கள். பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்தான், ஆனால் நண்பர்களிடம் வசூலித்து மொத்தமாக அனுப்புகிறார், அல்லது அவர் வேலை பார்க்கும் அங்கத்திய கம்பெனி கணக்கிலிருந்து வருகிறது என்றால் அதுவும் கூடாது. அவர் அப்பா கணக்குக்குப் போட்டு அங்கிருந்து சுற்றிவிடும் யோசனையும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. சிஎஸ்ஆர்-1 போட பென்டிரைவ் போல இருக்கும் உங்கள் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை அந்த ஆளிடம் கொடுத்திருப்பீர்கள். நாளைக்கே திருப்பி வாங்குங்கள். இழுத்தடித்தால், டோக்கன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதி அதை ரத்து செய்யுங்கள். வெற்று லெட்டர்பேடில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால், எத்தனை தாள், என்ன தேதி என்று எழுதி அவருக்குப் பதிவுத் தபால் அனுப்பி, ரசீதை ஃபைலில் வையுங்கள்.