அஸ்திவாரக் கலவையில் தண்ணீர் எவ்வளவு?

கேள்வி: வீட்டுக்கு ஃபூட்டிங் (தூணுக்கு அடியில் வரும் அஸ்திவாரப் பாதம்) கான்கிரீட் போடப் போகிறோம். 1:1½:3 கலவை (சிமென்ட் 1, மணல் 1½, ஜல்லி 3 பங்கு) என்று பேச்சு. கெட்டியாக இருந்தால் கம்பிக்கு இடையில் இறங்காது, தண்ணீர் தாராளமாக விடுவோம் என்கிறார் மேஸ்திரி. விடலாமா?

பதில்: கூடாது. மற்ற தவறுகளைப் பின்னால் ஒட்டுப்போட்டாவது சரிக்கட்டலாம், இதைச் சரிக்கட்ட வழியே இல்லை. 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 25 முதல் 27 லிட்டர் தண்ணீர் போதும். 30-ஐத் தாண்டவே விடாதீர்கள். சிமென்ட் இறுகக் கேட்பது அதன் எடையில் ஏறக்குறைய கால் பங்குதான், 12 லிட்டர் சொச்சம். மிச்சமெல்லாம் கலவை இளகுவதற்காக. அது வற்றியதும் அந்த இடங்கள் நுண்துளைகளாக நிற்கும். மண்ணின் ஈரமும் உப்பும் அந்த வழியாகத்தான் கம்பியைத் தொடுகின்றன.

மணலில் இருக்கும் ஈரத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 35 லிட்டர் பெட்டியில் மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல் என்றால் சுமார் 80 கிலோ. 4 சதவீத ஈரம் இருந்தாலே 3 லிட்டர் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே வந்தாயிற்று. அதைக் கழித்துவிட்டு ஊற்றுங்கள். ஒரு பிடி மணலை இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்து பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம், உதிர்ந்தால் காய்ந்தது. ஈர மணல் உப்பியும் இருக்கும், ஆகவே பெட்டியைக் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டும். குழாயை நேரே மிக்சருக்குள் விட்டால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. பக்கெட்டில் கோடு கிழித்து அளந்தே ஊற்றச் சொல்லுங்கள்.

கலவையை இறங்கவைப்பது வைப்ரேட்டரின், அதாவது அதிரும் ஊசி உள்ள கருவியின், வேலை. ஊசியைச் செங்குத்தாக இறக்கி, காற்றுக்குமிழ் அடங்கி மேலே சிமென்ட் பால் மினுங்கும்வரை, 10 முதல் 15 விநாடி, பிடியுங்கள். பிறகு மெதுவாக உருவுங்கள். வெடுக்கென்று இழுத்தால் ஊசி போன தடம் பொந்தாகவே இறுகிவிடும். ஊசியால் கலவையைப் பக்கவாட்டில் தள்ளவும் கூடாது. ஜல்லி ஓரிடத்திலும் பால் ஓரிடத்திலுமாகப் பிரிந்து, ஓரங்கள் தேன்கூடுபோல ஓட்டை ஓட்டையாகிவிடும்.

கேள்வி: ஃபூட்டிங்கின் கம்பி வலைக்கு (மேட்) அடியில் செங்கல் துண்டு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். செங்கல் விளக்குத் திரிபோல மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக் கம்பிக்கே கொண்டுபோய்க் கொடுக்கும். கம்பியைத் தூக்கிப் பிடிக்க 50 மி.மீ. கான்கிரீட் கட்டை (கவர் பிளாக்) வையுங்கள். அடியில் 1:4:8 பி.சி.சி. (கம்பியில்லாத கான்கிரீட்) 75 முதல் 100 மி.மீ. இருக்கட்டும், வெறும் மண்ணில் வைத்தால் ஆட்கள் மேட் மீது நடக்கும்போதே பிளாக் புதைந்துவிடும்.

கேள்வி: குழியை எப்போது மூடலாம்?

பதில்: சாதா சிமென்ட் என்றால் 7 நாள், பி.பி.சி. (சாம்பல் கலந்த சிமென்ட்) என்றால் 10 நாள் ஈரச் சாக்கு போட்டு நனைத்த பிறகு. மண்ணை ஒரே பக்கமாகக் கொட்டாதீர்கள், தூண் சாயும். நான்கு பக்கமும் 15 செ.மீ. அடுக்காகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசால் இடித்த பிறகே அடுத்த அடுக்கு.