கொய்யா இலை எக்ஸ்ட்ராக்ட் ஈ.கோலைக்கு ஸோன் தரவில்லை, எங்கே தப்பு?

கேள்வியில் இருப்பது இதுதான்: எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். கொய்யா இலையின் மெத்தனால் எக்ஸ்ட்ராக்டை மெத்தனாலிலேயே கரைத்து, பாக்டீரியா பூசிய அகார் கூழில் வெட்டிய 6 மி.மீ. குழியில் (வெல்) விட்டதில், கிருமி வளராத வட்டம் (ஸோன்) ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கு 14 மி.மீ., ஈ.கோலைக்கு 7 மி.மீ. வேகவைத்து எடுத்த தண்ணீர்ச் சாற்றில் ஒன்றுமே இல்லை.

முடிவு தப்பில்லை, இலைச் சாறுகள் பெரும்பாலும் இப்படித்தான் நடந்துகொள்ளும். ஈ.கோலை கிராம் நெகட்டிவ், அதாவது செல் சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வு உள்ள வகை. அந்த வெளிச்சவ்வு குவெர்செடின் வகை ஃபிளேவனாய்டுகளை எளிதில் உள்ளே விடாது, நுழைந்த கொஞ்சத்தையும் பம்புகள் வெளியே தள்ளிவிடும். ஆரியஸுக்கு அந்த வெளிச்சவ்வே கிடையாது. இரண்டுக்கும் ஒரே அளவு பெரிய ஸோன் வந்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன், அதுவும் முதலில் மெத்தனாலை. மெத்தனால் மட்டும் விட்ட வெல் ஒன்று தட்டில் இருந்ததா? இல்லையென்றால் அந்த 14 மி.மீ.க்கு மதிப்பில்லை. 7 மி.மீ. என்பதும் வெல்லைக் கழித்தால் பக்கத்துக்கு அரை மி.மீ. அதை ‘மிதமான செயல்திறன்’ என்று தீசிஸில் எழுதிவிடாதீர்கள்.

தண்ணீர்ச் சாறு என்றதும் ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்தின் கதையைச் சொல்லி, ‘கொதிக்க வைத்ததால் கெட்டது’ என்பார்கள். சீன விஞ்ஞானி து யூயூ 1971-இல் ஈதரைக் கொண்டு குறைந்த சூட்டில் எடுத்தபோதுதான் அது பிடிபட்டது, உண்மை. ஆனால் கொய்யாவின் டானின்கள் ஒரு கொதிக்கு அழிந்துவிடுவதில்லை. சர்க்கரை, கோந்து, உப்பு எல்லாம் தண்ணீரில் கூடவே இறங்குவதால் அதே 100 மி.கி. எடையில் வேலை செய்யும் பொருளின் பங்கு குறைகிறது. தண்ணீர்ச் சாற்றை இளஞ்சூட்டில் பல நாள் வற்ற விட்டால் பூஞ்சையும் பிடிக்கலாம்.

எக்ஸ்ட்ராக்டை மறுபடி எடுப்பதானால்: இலையை நிழலில், கையால் நொறுங்கும் வரை உலர்த்துங்கள். அரைகுறை ஈரம் இருந்தால் நொதிகள் பாலிஃபீனாலைப் பழுப்பாக்கிவிடும். ரவை பதத்துக்கு அரைத்தால் போதும், மாவாக்கினால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். 50 கிராம் தூளுக்கு 70% எத்தனால் 500 மி.லி., இருட்டில் 48 மணி நேரம், ஷேக்கரில். வடிகட்ட முதலில் மஸ்லின் துணி, பிறகு வாட்மேன் 1 ஃபில்டர் பேப்பர். கரைப்பானை ஆவியாக்கும் ரோட்டரி எவாப்பரேட்டரின் பாத் 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம். அது இல்லாவிட்டால் அகலமான கண்ணாடித் தட்டில், ஃப்யூம் ஹுட்டுக்குள், வாட்டர் பாத் மேல் வைத்து வற்ற விடுங்கள். திறந்த தீ கூடவே கூடாது. காலித் தட்டின் எடையை முன்பே குறித்து வையுங்கள். 50 கிராமிலிருந்து 6 கிராம் கிடைத்தால் ஈல்டு 12%.

காய்ந்ததை டி.எம்.எஸ்.ஓ. (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) என்ற கரைப்பானில் 100 மி.கி./மி.லி. கரைத்து, இந்த ஸ்டாக்கில் 50 மைக்ரோலிட்டர் விட்டால் வெல்லுக்குள் போவது 5 மி.கி. ஒப்பீட்டுக்காகப் பக்கத்தில் வைக்கும் ஜென்டாமைசின் (ஆன்டிபயாட்டிக்) டிஸ்க்கில் இருப்பது 10 மைக்ரோகிராம். அதாவது 500 மடங்கு ஊற்றிவிட்டு, ‘ஜென்டாமைசினுக்கு நிகரானது’ என்று எழுதுகிறார்கள்.

தட்டில் மூன்று விஷயம் பாருங்கள். அகார் 4 மி.மீ. தடிமன் வேண்டும், 90 மி.மீ. தட்டுக்குச் சுமார் 25 மி.லி. வெல்லின் அடியில் ஒரு துளி உருகிய அகார் விட்டு அடைக்காவிட்டால் சாறு அடியில் கசிந்து கோணல் ஸோன் வரும். டானின் அகாரிலுள்ள புரதத்தைத் திரியவைத்து வெண்மையான வளையம் போடும், அதை ஸோன் என்று அளந்துவிடுவார்கள். சந்தேகமானால் அங்கே லூப்பால் (கம்பி வளையம்) தொட்டு புதுத் தட்டில் இழுத்துப் பாருங்கள், வளர்ந்தால் அது ஸோன் இல்லை. சோதனைகளைச் சரிபார்க்கும் நிலையான கிருமி வகையான ஈ.கோலை ஏ.டி.சி.சி. 25922-க்கு ஜென்டாமைசின் டிஸ்க் 19–26 மி.மீ.க்குள் வராவிட்டால் அந்தத் தட்டு முழுவதையும் ஒதுக்குங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும், ஸோன் காட்டுவது சாறு அகாரில் எவ்வளவு தூரம் ஊறியது என்பதையும் சேர்த்துத்தான். மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் கரையாததால் வெல்லிலேயே முடங்கிக் கிடக்கும். இரண்டு சாறுகளை மி.மீ.யில் ஒப்பிடாதீர்கள், எம்.ஐ.சி. (கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு) போடுங்கள்.

96 குழித் தட்டின் முதல் குழியில் 4 மைக்ரோலிட்டர் ஸ்டாக், 196 மைக்ரோலிட்டர் முல்லர்–ஹிண்டன் பிராத் (கிருமி வளர்க்கும் திரவம்). மற்றவற்றில் 100 பிராத். நூறு நூறாக அடுத்த குழிக்கு மாற்றிப் போய், கடைசியில் மிஞ்சும் நூறைக் கொட்டிவிடுங்கள். 0.5 மெக்ஃபார்லாண்ட் அளவு கலங்கலாக உள்ள கிருமிக் கரைசலை 150 மடங்கு நீர்த்து எல்லாவற்றிலும் 100 சேருங்கள். உச்ச அளவு 1 மி.கி./மி.லி., டி.எம்.எஸ்.ஓ. 1% ஆகும். 37 டிகிரியில் 18 மணி நேரம் கழித்து 0.015% ரெசாசுரின் என்ற நீலச் சாயம் 30 மைக்ரோலிட்டர். இளஞ்சிவப்பானால் கிருமி உயிரோடு இருக்கிறது. கிருமியே இல்லாமல் சாறு மட்டும் உள்ள வரிசை ஒன்று அவசியம், பாலிஃபீனால் தானாகவே சாயத்தை நிறம் மாற்றலாம்.

துறையில் 100 மைக்ரோகிராம்/மி.லி.க்குக் கீழே வந்தால்தான் கச்சாச் சாற்றைக் கவனிப்பார்கள். 1 மி.கி.யிலும் வளர்ந்தால் ‘செயல்திறன் இல்லை’ என்றே எழுதலாம், அதுவும் முடிவுதான். இலை பறித்த மரத்தின் ஒரு கிளையை உலர்த்தி ஒட்டி ஹெர்பேரியம் ஷீட்டாக்கி, கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் (பி.எஸ்.ஐ.) தென் மண்டல மையத்தில் அடையாளச் சான்று வாங்கி வையுங்கள். வைவாவில் முதலில் கேட்கப்படுவது அதுவாகக்கூட இருக்கலாம்.